ஒன்றும் முளைக்காத தட்டு

உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் எப்போதாவது கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். உள்சுவரைத் தடவினால் விரல் வழுக்கும். திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீரை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்பதால் தொட்டி இல்லாத வீடு குறைவு; அந்த வழுக்கல் தெரியாத கையும் குறைவு. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் வாடை போகும், வழுக்கல் போகாது. ஆளை உள்ளே இறக்கித் தேய்த்தால்தான் போகும்.

மருத்துவமனையின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மாட்டேன் என்றேன். ஓய்வு பெற்றவர்களின் புத்திமதி கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பார் மாதிரி. யாருக்கும் வேண்டாம், கொட்டவும் மனசு வராது. பிறகு இந்த வழுக்கல் ஞாபகம் வந்தது. ரத்தப் பாட்டிலை எப்படி வைப்பது, கிருமி வளர்க்கும் தட்டில் எப்படி இழுப்பது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஜெயந்தி இருக்கிறாள். என்னோடு கூடவே தலை நரைத்தவள், என்னைவிடப் பொறுமைசாலி. நான் சொல்ல வந்தது சகாயமேரியைப் பற்றி.

சகாயமேரிக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம், மார்க்கெட்டில் பூ வியாபாரம். கணவர் அருளப்பன் பூ வேன் ஓட்டினார். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டதால், வாரத்தில் மூன்று நாள் எங்கள் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வருவார். பேச்சில் சளைக்காதவர். மெஷினில் படுத்துக்கொண்டே போனில் பூ விலை பேசுவார் என்று நர்ஸ்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

டயாலிசிஸ் செய்ய, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப ஒரு வழி வேண்டும். நல்ல வழி, கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைப்பது. ஃபிஸ்டுலா என்பார்கள். சகாயமேரிக்கு முதலில் இடது கையில் போட்டது அடைத்துக்கொண்டது. வலது கையில் மறுபடி போட்டிருந்தார்கள். அது தடித்து, ஊசியைத் தாங்கும் பக்குவத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கழுத்தின் வலது பக்கச் சிரையில் செருகிய ஒரு பிளாஸ்டிக் குழாய்தான் அவருக்குக் கதி. இடது பக்கச் சிரை ஏற்கெனவே சுருங்கிக் கெட்டுப்போயிருந்தது.

இந்த நிலையில் அவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ரத்தம் எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள். ரத்தப் பாட்டிலில் ஏதாவது வளர்ந்தால் எங்கள் மெஷின் கூப்பிடும். கூப்பிட்டது. ஜெயந்தி ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள்.

“மேடம், பாக்டீரியா இல்ல. உருண்டை உருண்டையா, மொட்டு விட்டுக்கிட்டு… ஈஸ்ட் மாதிரி இருக்கு. ரத்தம் எடுக்கைல தோல்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோ? இன்னொரு சாம்பிள் கேப்பமா?”

“கேப்போம். அதுக்கு முன்னாடி வார்டுக்குப் போன் போடு.”

தோலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாட்டிலுக்குள் தவறி விழுவது உண்டு. அதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். ஆனால் ரத்தத்தில் ஈஸ்ட் தெரிந்தால் அது தவறி வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பின்னால் தவறி வந்ததாகவே தெரிந்தாலும் போன் செய்ததால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். போன் செய்யாததால் கெட்டுப்போனவர்கள் உண்டு.

வந்தது கேண்டிடா பராப்சிலோசிஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் நமக்குப் பழக்கமானவன். உள்ளங்கையில், நகக்கண்ணில், விரலிடுக்கில் சத்தமில்லாமல் குடியிருப்பவன். இவனுக்கு மூர்க்கம் குறைவு. இவனுடைய சொந்தக்காரர்கள் சிலர் நீளமாக இழை விட்டுச் சதையைத் துளைத்துக்கொண்டு போவார்கள். இவன் அந்த அளவுக்குப் போக மாட்டான். இவனிடம் இருக்கும் வித்தை ஒன்றுதான்: ஒட்டிக்கொள்வது. உடம்புக்குள் ஒரு பிளாஸ்டிக் கிடைத்துவிட்டால் முதலில் சில பேர் போய் ஒட்டுவார்கள், பெருகுவார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான பசையைச் சுரந்து அதற்குள் அடங்கிவிடுவார்கள். பயோஃபிலிம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தொட்டிச் சுவரில் கையால் தடவி அறிந்தது போன்றதுதான். ஒரு பூஞ்சையின் வீரியத்தில் பாதி அதனுடையது, பாதி நாம் போட்டுக் கொடுக்கும் இருக்கை. கையில் இருக்கும்போது சாதுவாக இருந்தவன் குழாயில் ஏறியதும் ஆளையே கொல்லப் பார்த்தான்.

எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்தோம். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு நன்றாகவே கட்டுப்பட்டது. ‘சென்சிடிவ்’ என்று அறிக்கை கொடுத்தோம். மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கியது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்தடுத்த டயாலிசிஸ்களில் காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடி ரத்தம், மறுபடி அதே ஈஸ்ட், மறுபடி அதே ‘சென்சிடிவ்’. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கொஞ்சம் அடங்கி மறுபடி வந்தது.

சிறுநீரக டாக்டருக்குப் போன் செய்தேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவர், ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதையாகப் பேசியபடியே மறுப்பதில் கெட்டிக்காரர்.

“டாக்டர், கழுத்துக் குழாயை எடுத்துடுங்க. அது உள்ளே இருக்கிற வரைக்கும் இது அடங்காது.”

“ஏனுங்க மேடம், எடுத்துட்டா அப்புறம் எங்கீங்க போடறது? அந்தம்மாவுக்கு இருக்கறதே ஒரு பக்கம். கையில போட்டது இன்னும் ரெடியாகல. டயாலிசிஸ் இல்லாம பொட்டாசியம் ஏறுச்சுன்னா காய்ச்சல் வரைக்கும் காத்திருக்காதுங்க, இதயம் நின்னுரும்.”

“மருந்து மட்டும் போதாது.”

“உங்க ரிப்போர்ட்டுலயே மருந்து கேக்கும்னு போட்டிருக்கீங்களே? கேக்கற மருந்ததான குடுக்கறேன்?”

அறிக்கை எங்களுடையது. அதில் பொய்யும் இல்லை. ரத்தத்தில் மிதந்து வந்த பூஞ்சையைப் பிடித்து, மருந்தோடு வைத்துப் பார்த்தோம், செத்தது, எழுதினோம். குழாயின் உள்சுவரில் பசைக்குள் படுத்திருக்கும் கூட்டத்தை நாங்கள் சோதிக்கவே இல்லை. அங்கே மருந்து சரியாகப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் உள்ளே பாதிப் பேர் வளராமல் உறங்கிக்கொண்டிருப்பதால் மருந்துக்கு அங்கே வேலையில்லை. கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ரத்தத்தில் இறங்குபவனை மட்டும் மருந்து கொல்லும், பின்னாலேயே அடுத்தவன் வருவான். பிளீச்சிங் பவுடர் கதைதான்.

“சரி, இன்னொண்ணு செய்யலாமுங்களா,” என்றார் அவர். “கம்பியை உள்ள விட்டு, இதே வழியா பழைய டியூப உருவிட்டு புது டியூப ஏத்திர்றேன்.”

“அதே வழியில போனா புதுசும் அதுலயே தேய்ச்சுக்கிட்டுத்தானே டாக்டர் உள்ள போகும்?”

அவர் குரல் மாறியது. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தட்டைப் பாக்கறீங்க. நான் ஆளைப் பாக்கறனுங்க.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை ஜெயந்தியிடம் கேட்டால் விரிவாகச் சொல்வாள். அன்றைக்கும் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நான் சகாயமேரியை ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. அவருடைய ரத்தத்தை அறிவேன், முகத்தை அறியேன். போனை வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, டயாலிசிஸ் பிரிவுக்கு நடந்தேன். இதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்: உங்கள் அறிக்கையை ஒருவர் நம்பவில்லை என்றால் இன்னும் சத்தமாகச் சொல்வதில் பயனில்லை. எழுந்து போய் ஆளைப் பாருங்கள்.

சகாயமேரி மெஷினில் படுத்திருந்தார். போனில் பேசும் தெம்பு இல்லை, போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நர்ஸ் ஸ்டெல்லா. அந்தப் பிரிவில் அவர்தான் மூத்தவர்.

“ஸ்டெல்லா, காய்ச்சல் எப்பெப்ப வருது?”

“மெஷின்ல போட்ட செத்த நேரத்துல நடுக்கம் வந்துருது மேடம். போடாத நாள்ல நல்லாத்தான் இருக்காங்களாம். கஞ்சி குடிச்சேன், கணக்குப் பாத்தேங்குறாங்க.”

“குழாய் போட்ட எடம் எப்படி இருக்கு?”

“சீழ் ஒண்ணும் இல்ல மேடம். பிளாஸ்திரி மட்டும் எப்பவும் நசநசன்னு ஈரமா இருக்கு. வேர்வைதான். நம்ம ஊர் வெயிலுக்கு என்னத்தச் சொல்ல?”

வியர்வை என்றதை நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என் மனம் முதல் பதிலிலேயே நின்றுவிட்டது. மெஷினை ஓட்டியதும் நடுக்கம் என்றால், குழாய் வழியாக ரத்தம் வேகமாக ஓடும்போதுதான் பூஞ்சை உடைந்து உடம்புக்குள் இறங்குகிறது. இதைக் காட்ட ஒரு வழி இருந்தது. ஒரே சமயத்தில் குழாயிலிருந்து ஒரு பாட்டில் ரத்தம், கையில் ஊசி குத்தி இன்னொரு பாட்டில். பூஞ்சை எங்கே அதிகமோ அந்தப் பாட்டில் முந்திக் கூப்பிடும். டாக்டரிடம் அதை மட்டும் கேட்டேன், உடனே சம்மதித்தார். வாதத்துக்குத்தான் அவர் எதிரி, சோதனைக்கு இல்லை.

குழாய்ப் பாட்டில் முதலில் கூப்பிட்டது. கைப் பாட்டில் வெகுநேரம் கழித்துத்தான் கூப்பிட்டது. ஜெயந்தியே போன் செய்து சொன்னாள். டாக்டர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எடுத்தர்றேனுங்க. டயாலிசிஸ் அவசியமானா அன்னிக்கு மட்டும் தொடையில ஊசி போட்டு டியூப் வெச்சு, முடிஞ்சதும் எடுத்தர்றேன். ரத்தம் சுத்தமாச்சுன்னு நீங்க சொன்னாத்தான் கழுத்துல புதுசா குத்துவேன். ஆனா இடையில எனக்குப் பொட்டாசியம் கையை மீறிப் போச்சுன்னா?”

“போகலாம்,” என்றேன். “போகாதுன்னு நான் சொல்ல முடியாது. ஆனா இந்தக் குழாயோட இருந்தா இது இதய வால்வுல போய் ஒக்காந்துக்கும். அப்புறம் நீங்களும் நானும் சேர்ந்து வேடிக்கைதான் பார்க்கணும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். உங்களில் சிலர் நினைப்பது போல மருத்துவத்தில் சரியான முடிவு என்று ஒன்று மேசைமேல் தயாராக இருக்காது. இரண்டு ஆபத்துகள் இருக்கும். எந்த ஆபத்து காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குழாயை எடுத்தார்கள். அதன் நுனியை வெட்டிப் பாட்டிலில் போட்டு எங்களுக்கு அனுப்பினார் டாக்டர். நாங்கள் அதை நீளவாக்கில் பிளந்தோம். கையுறை போட்ட விரலால் ஜெயந்தி உள்பக்கத்தைத் தடவினாள்.

“மேடம், எங்க வீட்டுத் தொட்டியே தான்.”

எனக்குச் சந்தோஷமாக இல்லை. நாம் சொன்னதே சரி என்று தெரியவரும் நேரத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவர் படுக்கையில் இருப்பார்.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்பதை டாக்டரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். அவர் பொட்டாசியத்தைப் பார்த்தார், நான் பாட்டிலைப் பார்த்தேன். ரத்தத்தில் போகும் பூஞ்சை கண்ணிலும் தங்கும் என்பதால், கண் டாக்டரை அழைத்துக் கண்ணுக்குள் பார்க்கச் சொன்னோம். இதய வால்வையும் பார்த்தார்கள். இரண்டும் சுத்தம். சகாயமேரிக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். நாக்கு வறள்கிறதே என்று மனசு கேட்காமல் அருளப்பன் வாசலில் போய் ஒரு இளநீர் வாங்கி வர, ஸ்டெல்லா பாய்ந்து பிடுங்கினார்.

“அண்ணே, கொல்லவா பாக்குறீக? அம்புட்டும் பொட்டாசியம்!”

“இளநிதானம்மா… குளிர்ச்சிதான…”

பாவம் மனிதர். நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு முறை தொடை வழியாக டயாலிசிஸ் நடந்தது. நடுக்கம் வரவில்லை. காய்ச்சல் விட்டது. ரத்தப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறக்காமல் கிடந்தன. கூப்பிடாத மெஷினை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததில்லை. டாக்டர் கழுத்தில் புதிதாகக் குத்திப் புதுக் குழாய் வைத்தார். அதே பழைய மருந்து, அதே அளவு, இப்போது அழகாக வேலை செய்தது.

இத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு ஒன்று உறுத்தியது. தோலில் இருந்தவன் குழாய்க்குள் எப்படிப் போனான்? போன வழி திறந்தே கிடந்தால் புதுக் குழாயிலும் ஏறுவான். அப்போது குத்துவதற்குக் கழுத்தில் இடம் இருக்காது.

நிர்வாகத்துக்கும் அதே கேள்வி வந்தது, ஆனால் அவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்தார்கள். டயாலிசிஸ் பிரிவில் எல்லோருடைய கையையும் பஞ்சால் தடவி எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள். ஸ்டெல்லாவின் கையில் அதே இனப் பூஞ்சை வளர்ந்தது. உடனே, “அப்ப அந்த நர்ஸ்தான” என்றார் நிர்வாக அதிகாரி.

“என் கையையும் எடுத்துப் பாருங்க. உங்க கையையும் நீட்டுங்க,” என்றேன். “ஒரே ஊர்க்காரங்கிறதுக்காக ஒரே வீட்டுக்காரன் ஆயிடுவானா? இதே பிரிவுல மத்த நோயாளிங்களுக்கும் ஸ்டெல்லாதான் குழாய் மாட்டுறாங்க. அவங்க யாருக்கும் வரலையே?”

அவர் கையை நீட்டவில்லை. ஆனால் ஸ்டெல்லாவை வேறு பிரிவுக்கு மாற்றும் பேச்சு நிற்கவும் இல்லை. அன்று மாலை ஸ்டெல்லா என் அறை வாசலில் வந்து நின்றார். “மாதா மேல சத்தியமா மேடம், கை கழுவாம நான் தொட்டதே இல்ல,” என்றார். எனக்குத் தெரியும் என்றேன். தெரியும் என்பது போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

சகாயமேரி வீட்டுக்குக் கிளம்பிய நாள். நடுப்பகல். நான் செம்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் சீக்கிரமே புறப்பட்டு, மருத்துவமனை வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே இளநீர்க் கடை, பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாய். அங்கே சகாயமேரியும் அருளப்பனும். தம் வேனைக் கொண்டுவர அருளப்பன் நகர்ந்தார். சகாயமேரி கைப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்தார். குடிநீர்க் குழாயைத் திறந்து துண்டை நனைத்தார். லேசாகப் பிழிந்தார். பிறகு, குழந்தைக்குப் போர்த்துவது போல மெதுவாக, அந்த ஈரத் துண்டைப் புதுக் கழுத்துக் குழாயின் மேல் போட்டுக்கொண்டார்.

நான் சாலையைக் கடந்தது எப்படி என்று எனக்கே தெரியாது. ஒரு பஸ்காரர் திட்டியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“சகாயமேரி! துண்டை எடுங்க! முதல்ல எடுங்க!”

பதறிப்போய் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். ஆய்வகத்து டாக்டர் என்றதும் துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா. நீங்க நிக்கிறத பாக்கல. பெரியவங்க முன்னாடி மேல துண்டு கெடக்கலாமா?”

“அது கிடக்கட்டும். எதுக்கு நனைச்சுப் போட்டீங்க?”

“தூசி படக்கூடாது, வெயில் படக்கூடாதுன்னு ஸ்டெல்லா சிஸ்டர் தலைபாடா அடிச்சுச் சொன்னாக. மார்க்கெட்டுல எம்புட்டுத் தூசி! வெயில்ல அந்த ரப்பர் காஞ்சு வெடிச்சுறாதா? பூவுக்கு இப்பிடித்தான போடுவோம். ஈரத்துணிய போட்டு வச்சா சாயங்காலம் வரைக்கும் வாடாதுல்ல.”

“இது அந்தத் துண்டுதானா? பூ மேல போடுறது?”

“இல்லம்மா, இது வேற துண்டு. பூவுக்குப் போட்டது போக இதுக்குன்னு ஒண்ணு தனியா வச்சிருக்கேன். பூவுக்குத் தெளிக்கிற அதே வாளித் தண்ணியிலதான் முக்கிக்கிறது.”

நாள் முழுக்க நூறு கை தொடும் வாளித் தண்ணீர். அதில் நனைத்த துண்டு, கழுத்துக் குழாயின் மேல். காயக் காய மறுபடி நனைத்து. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் மரியாதைக்காகத் துண்டை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே வருவார். நாங்கள் கண்டதெல்லாம் ஈரமான பிளாஸ்திரி. வேர்வை என்றோம். அவ்வளவு படித்தவர்கள் அவரைச் சுற்றி நின்றோம், வீட்டில் குழாயை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையாகவே சொல்லியிருப்பார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தன்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருளை எப்படிப் பாதுகாப்பாரோ, அப்படித்தான் அந்தக் குழாயையும் பாதுகாத்திருக்கிறார். நடைபாதையிலேயே நின்று விளக்கினேன். “பூ செடியை விட்டு வந்தது, அதுக்கு ஈரம் வேணும். இது பிளாஸ்டிக், இது வாடாது. ஈரம் பட்டா இதுல பாசி புடிக்கும். மருந்துக்கும் கட்டுப்படாத பாசி.”

சகாயமேரி மறைத்த துண்டை முன்னால் எடுத்துப் பார்த்தார்.

“அப்ப எனக்கு வந்தது எம் புண்ணியத்துலயா? சிஸ்டரையில்ல எல்லாரும் சந்தேகப்பட்டாக!” என்றவர், விறுவிறுவென்று திரும்பி மருத்துவமனைக்குள் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போய், ஈரத் துண்டை அவர் மேசையின் மேலேயே வைத்தார். “இந்தாங்க, இதுதான் சார் பண்ணுன வேல. அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீக.”

துண்டில் இருந்ததையும் நாங்கள் வளர்த்துப் பார்த்தோம். அதில் ஒரு திருவிழாக் கூட்டமே இருந்தது, கூட்டத்தில் நம் ஆளும் இருந்தான். துண்டிலிருந்துதான் குழாய்க்குப் போனான் என்று சத்தியம் செய்ய முடியுமா என்று கேட்டால் முடியாது. கழுத்திலிருந்து துண்டுக்கும் போயிருக்கலாம். ஆனால் ஸ்டெல்லாவின் கையைக் காரணம் காட்ட அவர்களிடம் இருந்ததைவிட இது நூறு மடங்கு மேல். மாற்றல் பேச்சு அடங்கியது. அந்த வாரத்திலிருந்து டயாலிசிஸ் பிரிவில் குழாய் வைத்த ஒவ்வொருவரிடமும், “வீட்டில் இதை எப்படி வைத்துக்கொள்வீர்கள், செய்து காட்டுங்கள்” என்று கேட்க ஆரம்பித்தோம். திறந்து காட்டினார்கள். மஞ்சள் பூசியிருந்தவர் உண்டு, திருநீறு இட்டிருந்தவர் உண்டு. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த நல்லதைச் செய்திருந்தார்கள்.

எங்கள் அறிக்கையிலும் ஒரு வரி சேர்த்தோம். ரத்தத்தில் பூஞ்சை வந்து, ‘சென்சிடிவ்’ என்று எழுதும்போதெல்லாம் அடியில் அந்த வரி இருக்கும்: இந்த முடிவு மிதக்கும் பூஞ்சைக்கு மட்டும், உடம்புக்குள் குழாய் இருந்தால் டாக்டர் எங்களோடு பேசவும். அதை எழுதச் சொல்லி வற்புறுத்தியவர் சிறுநீரக டாக்டர்தான். நீங்கள் இன்றைக்கும் அந்த வரியோடுதான் அறிக்கை அனுப்புகிறீர்கள். இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

கடைசியில் கை ஃபிஸ்டுலா பக்குவத்துக்கு வந்தது. ஊசி தாங்கியது. கழுத்துக் குழாய் இனி வேண்டாம் என்று எடுத்தார் டாக்டர். வழக்கத்தில் தேவை இல்லாவிட்டாலும், நுனியை வெட்டி எனக்கு அனுப்பிவைத்தார். “மேடம் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜெயந்தி பிளந்து, தடவி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டில் உருட்டி வைத்தோம். காத்திருந்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. இன்னும் காத்திருந்தோம். வெறும் தட்டு.

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு, வழியில் கேண்டீனில் கொஞ்சம் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். சகாயமேரி கையில் ஊசியோடு படுத்திருந்தார். போனில் யாரிடமோ பூ விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. என்னைக் கண்டதும் போனை வைத்தார். ஸ்டெல்லா ஒரு துண்டு மைசூர்பாகைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, பத்தியத்தில் இருக்கும் சகாயமேரிக்குக் கண்ணில் மட்டும் காட்டினார்.

நான் தட்டை மூடியோடு வெளிச்சத்தில் பிடித்தேன். “பாருங்க சகாயமேரி. ஒண்ணுமே முளைக்கலை.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வெறும் தட்டை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மைசூர்பாகைப் பார்த்தார்.

“எங்க ஊருல ஒண்ணும் முளைக்கலைன்னா ஒப்பாரி வைப்போம் டாக்டரம்மா. நீங்க என்னடான்னா இனிப்பு குடுக்கிறீக,” என்றார்.